லிஃப்ட் அக்கா போடாத கையெழுத்து

எங்கள் கட்டிடத்தின் லிஃப்ட் நின்றுபோன பிறகுதான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. வைத்தவர் அவளுடைய கணவரே. சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறவர் அவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்குப்படுக்கையை மாடிப்படி வளைவில் திருப்ப முடியாமல் திண்டாடினார்கள். "நகருங்கப்பா" என்று அவர்களை ஒதுக்கிவிட்டு, அவள் கணவரை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு படியேறினாள். அவர் அந்த வலியிலும், "லிஃப்டு, ரெண்டாவது மாடி. நடுவுல நிப்பாட்டாத" என்றார். எதிர்வீட்டுக்காரனான நான் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். என் காதால் கேட்டது அது. மறுநாளிலிருந்து கட்டிடம் முழுவதற்கும் அவள் லிஃப்ட் அக்கா.

அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நிபந்தனை போட்டாள். "சார், நான் செஞ்சதை எழுதுங்க. செய்யாததையும் சேர்த்து எழுதினா என்மேல கேஸ் எழுதின அந்த ஆபீஸருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" ஆகவே, பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் அணையின் நீர்மட்டத்தைப் பதிவு செய்தவன் நான். மட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதிப் பழக்கமில்லை.

அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஈரமான படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி வண்டியில் குவிப்பதும், உலர்ந்ததை மடிப்பதும், விருந்தினர் துணிகளை அறைவாரியாகப் பிரிப்பதும் அவள் பொறுப்பு. ஈர விரிப்பின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அவளுடைய முன்கைகள் மரம் இழைப்பவரின் கைகளைப் போல முறுக்கேறியிருக்கும். குரலும் அப்படித்தான். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியதால், ரகசியம் சொன்னாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அடுத்தவர் வீட்டில் என்ன சமையல் என்று விசாரிக்காமல் ஒரு படி ஏறமாட்டாள். துணி மடிக்கும்போது பாடுவாள். அதைப் பற்றி மேலே எதுவும் எழுதாமல் விடுவதே நட்பு.

கணவர் படுத்தபிறகு அவளுடைய சம்பளம் மட்டும் வீட்டுக்குப் போதவில்லை. அவளுக்கு உணவு உதவி அட்டை கிடைத்தது. அரசாங்கம் மாதாமாதம் அதில் ஒரு தொகை ஏற்றும். கடையில் அட்டையைக் காட்டி, ரகசிய எண்ணை அழுத்தினால் அரிசி, பால், காய்கறி வாங்கலாம். சாப்பாட்டுப் பொருளைத் தவிர வேறெதுவும் வாங்க முடியாது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மாதத்தின் பின்பாதி சாப்பாடு அந்த அட்டைதான்.

மேல்மாடிகளில் அதே போன்ற அட்டை வைத்திருந்தவர்கள் மூன்று பேர். நான்காம் மாடியில் முழங்கால் தேய்ந்துபோன பழைய பஸ் டிரைவர். அவருக்குப் பக்கத்து வீட்டில் மூச்சிரைப்புள்ள டெய்லரம்மா. ஐந்தாம் மாடியில் தனியாக ஒரு பெரியவர், இதயநோயாளி. அவரை எல்லோரும் புகார்ப்பெட்டி என்போம். தண்ணீர் வந்தால் சத்தமாக வருகிறது என்பார். வராவிட்டால் வரவில்லை என்பார். லிஃப்ட் நின்றபிறகு இவர்களில் யாராலும் கீழே இறங்கிப் போய்ச் சாமான் வாங்கி, சுமந்துகொண்டு ஏற முடியவில்லை. அட்டைகளை லிஃப்ட் அக்காவிடம் கொடுத்தார்கள். ரகசிய எண்களையும் சொன்னார்கள். ஞாயிறு தோறும் காலையில் அவள் நான்கு பைகளோடு கடைக்குப் போவாள். ஒரே கவுண்டரில், ஒருவர் சாமானுக்குப் பிறகு இன்னொருவர் சாமானாக, அவரவர் அட்டையில் அவரவர் கணக்கைப் போட்டுக்கொண்டு வருவாள்.

அட்டைகள் மாறிவிடக்கூடாது என்று சலவைப் பிரிவில் செய்வதையே இங்கேயும் செய்தாள். அங்கே ஒவ்வொரு விருந்தினர் துணியிலும் ஒரு நிற நூலால் முடிச்சுப் போடுவார்கள். இவளும் ஒவ்வொரு அட்டையிலும் ஊசித்துளை போட்டு நூல் கட்டினாள். டிரைவருக்கு நீலம், டெய்லரம்மாவுக்குப் பச்சை, புகார்ப்பெட்டிக்குச் சிவப்பு. "அவரு எப்பவும் சூடாத்தானே இருப்பாரு" என்று காரணமும் சொன்னாள்.

இந்த ஒழுங்குதான் அவளுக்கு வினையாக வந்தது. திருட்டுத்தனம் செய்பவள் நான்கு கடைக்கு நான்கு நாளில் போயிருப்பாள். இவள் ஒரே கடையில், ஒரே கவுண்டரில், அடுத்தடுத்து நான்கு அட்டைகளைத் தேய்த்தாள். உணவு உதவி அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அதைக் கவனித்துவிட்டது. ஏழைகளின் அட்டையைப் பாதி விலைக்குப் பணம் கொடுத்து வாங்கி, சாமான் எடுத்து விற்கும் கூட்டம் ஒன்று பல ஊர்களில் உண்டாம். இவளும் அப்படிப்பட்டவள் என்று அது முடிவு கட்டியது.

ஒரு மாலையில் விசாரணை அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். உள்ளே நடந்ததை அவளுடைய கணவர் சொன்னார். அதிகாரி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க நிறையப் பேருக்கு உதவி செய்றீங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். பாராட்ட வந்திருக்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். அட்டைகளைப் போட்டுவைக்கும் டப்பாவைத் திறந்து நான்கையும் மேசையில் பரப்பினாள்.

"பாருங்க சார், நீலம் நாலாவது மாடி டிரைவருக்கு. பச்சை டெய்லரம்மாவுக்கு. இதுவரைக்கும் ஒருதரம்கூட அட்டை மாறினதில்ல. எல்லாரோட நம்பரும் எனக்கு மனப்பாடம்!"

அதிகாரி அட்டைகளை நூலோடு படமெடுத்துக்கொண்டார்.

"நான் கட்டில்ல இருந்து கண்ணால ஜாடை காட்டுறேன், காலால ஜாடை காட்டவும் முடியல" என்றார் கணவர். "அவ என்னைப் பாத்து, 'என்னங்க, கண்ணுல தூசியா'ங்கிறா!"

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து உறை வந்தது. பிறருடைய அட்டைகளைப் பணம் கொடுத்து வாங்கிப் பயன்படுத்தியதாகச் சந்தேகம். விசாரணைக்கு வர வேண்டும் என்றது ஒரு தாள். இன்னொரு தாளில், குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் விசாரணை தேவையில்லை, ஓராண்டுக்கு அட்டை நிறுத்தப்படும், அவ்வளவே என்றிருந்தது. கையெழுத்துக்கு வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு குறியும் போட்டிருந்தார்கள்.

அன்று என்னையும் அழைத்தாள். அவளுடைய கொழுந்தனார் வந்திருந்தார். கோர்ட்டு வாசலில் காவலாளி. அந்த வாசலில் நின்றே சட்டம் முழுவதும் தன்மேல் படிந்துவிட்டது என்று நம்புகிறவர்.

"அண்ணி, எனக்குத் தெரியாத சட்டமா? பேசாம கையெழுத்தைப் போட்டுட்டு ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. கேஸு கீஸுன்னு போனா, உள்ள கறுப்பா போற தலை வெளிய வெள்ளையாத்தான் வரும்."

"ஆஸ்பத்திரி வாசல்ல பழம் விக்கிறவன் ஆபரேஷன் பண்ணலாமா, கொழுந்தனாரே?"

"கிண்டல் பண்ணுங்க. ஜெயிலுக்குப் போனா யாரு பாத்துக்குவா?"

மூத்த பெண், "போட்டுரும்மா. ஸ்கூல்ல தெரிஞ்சா அசிங்கம்" என்றாள். கட்டிலிலிருந்து கணவர் சொன்னார்: "இவ பல்லைக் கடிச்சுக்குவா. பிள்ளைங்க எதைக் கடிக்கும்?"

அவள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவள், அந்தத் தாளை விரலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அவள் அதிகம் படித்தவள் அல்ல, மெதுவாகத்தான் படிப்பாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"பணம் கொடுத்து வாங்கினேன்னு போட்டிருக்கு. நான் வாங்கினேன்னா யாரோ வித்திருக்கணும்ல?"

விரலை எடுக்காமலே எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப டிரைவரு வித்தாரு. டெய்லரம்மா வித்தாங்க. அந்தப் பெருசும் வித்துருச்சு. நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டா நாலு பேரு திருடங்க. என் அட்டை போனா நான் ஹோட்டல்ல ரெண்டு ஷிப்ட் பாப்பேன். அந்த மூணு பேரும் என்ன பண்ணுவாங்க, வாயைத் திறந்து காத்தைக் குடிப்பாங்களா?"

பேனாவை மூடிக் கொழுந்தனாரின் சட்டைப்பையில் செருகினாள். பிறகு என்னிடம், "சார், காசில்லாதவங்களுக்கு வக்கீல் எங்க கிடைப்பாங்க?" என்று கேட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கண்ணாடிக் கடைக்கு மேலே, 'இலவச சட்ட உதவி' என்று ஒரு பலகை இருப்பது எனக்குத் தெரியும். மறுநாள் போனோம். குறுகலான அறை. ஒரே கம்பியில் கோத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றுக்கு இருக்கை இல்லை. நகலெடுக்கும் இயந்திரத்தின் சூடான வாசனை. மேசையிலிருந்த பெண் தலைநிமிராமல், "போலீஸ் கேஸா?" என்றார்.

"போலீஸெல்லாம் இல்லம்மா. சாப்பாட்டு ஆபீஸ் கேஸ்."

"அப்ப உக்காருங்க. போலீஸ் கேஸா மாறினா அதுக்கு வேற வக்கீல். இது எங்க கேஸ்தான்."

வக்கீலம்மா இளவயதுக்காரர். கடுமையான ஜலதோஷம், கையில் ஒரு கர்ச்சீப், மேசையில் இன்னொன்று. என்னைப் பார்த்ததும், "சார் வெளிய இருக்கட்டும்" என்றார்.

"சார் நம்ம ஆளும்மா."

"நம்ம ஆளுங்கறதாலதான் சொல்றேன். நாளைக்கு அவரைக் கூப்பிட்டு, உள்ள என்ன பேசினீங்கன்னு கேட்டா அவர் என்ன செய்வார்? நீங்களும் நானும் மட்டும் பேசினா, அதை யாரும் கேட்க முடியாது."

நியாயமான பேச்சு. நான் வெளியே வந்து, இருக்கை இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததை அவள் பிற்பாடு சொன்னபடி எழுதுகிறேன்.

வக்கீலம்மா முதலில் கேட்டது கையெழுத்துப் போட்டாயிற்றா என்பது. இல்லை என்றதும் ஒரு தும்மல் தும்மிவிட்டு, "பாதி உயிர் வந்துச்சு" என்றாராம். "இனிமே என்கிட்ட ஒண்ணையும் மறைக்காதீங்க. அவங்ககிட்ட நீங்களா ஒண்ணையும் சொல்லாதீங்க. நேர்ல வந்தாலும், போன்ல கேட்டாலும், 'எனக்கு வக்கீல் இருக்காங்க, அவங்ககிட்ட பேசுங்க'ன்னு மட்டும் சொல்லணும்."

"மரியாதையா கேட்டாங்கன்னா?"

"மரியாதையா கேட்டாத்தான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்."

பிறகு துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். யாராவது பணம் கொடுத்தார்களா? இல்லை. பொருள்? டெய்லரம்மா ஒருதரம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். யாருடைய அட்டையிலாவது தனக்குச் சாமான் வாங்கியதுண்டா?

"ஒருதரம். கவுண்டர்ல என் பால் பாக்கெட்டு அந்தப் பெருசோட சாமான்ல கலந்துபோச்சு. அவரு அட்டையில போயிருச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை என் அட்டையில அவருக்குப் பால் வாங்கிக் குடுத்துட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? அஞ்சாவது மாடியில கத்தினது பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டுச்சே."

வக்கீலம்மா எழுதிக்கொண்டார். அலுவலகம் சேர்த்துவைத்திருக்கும் ஆதாரங்களை முதலில் பார்க்க வேண்டும் என்று கடிதம் அனுப்புவதாகவும், விசாரணை முடிந்து முடிவு வரும்வரை அவளுடைய சொந்த அட்டையை நிறுத்த முடியாது என்றும் சொன்னார். நடக்க முடியாதவர்கள் கடைக்கு வேறொருவரை அனுப்பலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால், அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதை இவர்கள் யாரும் செய்யவில்லை. "அது தப்பு. ஆனா மோசடி இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைக் காட்டுறதுதான் என் வேலை."

கடைசியாகச் சொன்னதுதான் அவளை வாட்டியது. மற்ற மூவரின் அட்டைகளை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வழக்கைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. 'இப்படிச் சொல்லுங்க' என்று சொல்லிக்கொடுத்ததாக யாராவது சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். அவர்கள் சாட்சி சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம். அவர்களுக்கும் பயம் இருக்கும். அவர்களுக்கு ஆலோசனை சொல்ல வேறு அலுவலகத்து வக்கீல் ஒருவரை அனுப்பி வைப்பார்.

அவள் வெளியே வந்தபோது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. அழுதுகொண்டு வந்தாள் என்று எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அழுதேனா? வக்கீலம்மாவோட ஜலதோஷம் ஒட்டிக்கிச்சு சார். திருத்துங்க" என்றாள். திருத்திவிட்டேன்.

வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்றால், அவள் அதை ஒன்றுமே பேசக்கூடாது என்று எடுத்துக்கொண்டாள். அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தவள், அதற்குப்பின் மேல்மாடிக்காரர்களைக் கண்டால் உதட்டை இறுக மூடிக்கொண்டு போனாள். அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எந்த அலுவலகமும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் மேலே அடுப்புகள் அணையத் தொடங்கின. டிரைவருக்கு, நாள் முழுக்க வேலைக்குப் போகிறவளானாலும், ஒரு மருமகள் இருந்தாள், சமாளித்தார்கள். டெய்லரம்மாவும் புகார்ப்பெட்டியும் என்ன செய்வார்கள்?

"சமைச்சுக் குடுக்கக்கூடாதுன்னு வக்கீல் சொன்னாங்களா?" என்று கணவர் கேட்டார்.

"சொல்லலயே."

"அப்புறம் என்ன?"

அன்றிலிருந்து தன் வீட்டு உலையில் கூடுதலாக இரண்டு பேருக்கு அரிசி போட்டாள். ஏற்கெனவே போதாத அட்டைப் பணம் இன்னும் சீக்கிரம் கரைந்தது. அவள் தன் பங்குச் சோற்றை விட்டுவிட்டு, ஹோட்டலில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தாள் என்று மூத்த பெண் என்னிடம் சொன்னாள். பாத்திரத்தைக் கதவருகே வைத்து, தட்டிவிட்டு, ஆள் வெளியே வருமுன் படியிறங்கிவிடுவாள். ஐந்தாம் மாடியிலிருந்து மட்டும் குரல் பின்னாலேயே வரும்.

"ஏம்மா, குழம்புல உப்பில்ல!"

அவள் படியில் நிற்பாள். பதில் தொண்டைவரை வந்திருக்கும். விழுங்கிக்கொண்டு இறங்குவாள். மறுநாள் உப்பு கூடியிருக்கும். "இன்னிக்கு உப்பு அதிகம்!"

மற்ற வக்கீல் வந்தார். நடுத்தர வயது, பருத்த உடம்பு. இரண்டாம் மாடியில் என் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போனார். மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகப் போனார். என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள முயலவுமில்லை. முடிவு மட்டும் தெரிந்தது. டெய்லரம்மா வருகிறார். டிரைவர் வரவில்லை. "ஐயாவை இதுல இழுக்காதீங்க, எங்க அட்டையும் போயிடும்" என்று அவருடைய மருமகள் படிக்கட்டில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். லிஃப்ட் அக்கா அதைக் கேட்டுக்கொண்டே துணி உலர்த்தினாள். அன்று பாடவில்லை.

புகார்ப்பெட்டி, "வரேன். ஆனா எப்படி இறங்குறது?" என்று கேட்டிருந்தார்.

விசாரணை நாளன்று காலை, கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியோடு அவளும் கொழுந்தனாரும் ஐந்தாம் மாடிக்குப் போனார்கள். வாசலில் நிற்கும் சட்ட நிபுணர் அன்று விடுப்பு எடுத்திருந்தார். அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பெரியவரைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, அவள் கீழ்ப்பக்கம், கொழுந்தனார் மேல்பக்கமாகப் பிடித்து இறக்கினார்கள். நான் கைத்தடியையும் மருந்துப் பையையும் வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினேன்.

"மெதுவா! ஏன் இப்படி ஆட்டுறீங்க? ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? பேசேன்!"

அவள் தலையை ஆட்டினாள்.

"பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காங்க பெரியவரே" என்றார் கொழுந்தனார், மூச்சிரைக்க.

"கேஸைப் பத்தித்தானே பேசக்கூடாது? என் குழம்பைப் பத்திப் பேசலாமில்ல? நேத்து ஏன் அவ்வளவு காரம்?"

மூன்றாம் மாடி வளைவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் நாற்காலி ஆடியது. பெரியவர் போட்ட சத்தத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன.

விசாரணை அறை அலுவலகத்தின் பின்பக்கத்தில் இருந்தது. நீண்ட மேசை, சுவரில் நின்றுபோன கடிகாரம். நடுவராக வந்திருந்தவர் அந்த விசாரணையில் சம்பந்தப்படாத வேறொரு அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. கூட ஒருவர் உட்காரலாம் என்று விதி இருந்ததால் நான் உட்கார்ந்தேன். சாட்சிகளை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

விசாரணை அதிகாரி தன் பக்கத்தைச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் சொன்னார். கடையின் பதிவு, நான்கு அட்டைகள், ஒரே கவுண்டர். பிறகு நூல் கட்டிய அட்டைகளின் படம். பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே அது ஒரு வியாபாரியின் சரக்குப் போலத் தோன்றியது.

வக்கீலம்மா எழுந்தார். ஜலதோஷம் இன்னும் விடவில்லை.

"பணம் கைமாறினதை யாராவது பாத்தாங்களா சார்?"

"நேரடியா இல்லை."

"கடைக்காரர் சொன்னாரா?"

"இல்லை."

"அட்டைக்குச் சொந்தக்காரங்க மூணு பேர். அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்கலாம்னுதான் போனேன்." அதிகாரி தாளைப் புரட்டினார். "அவங்க நாலாவது மாடியிலயும் அஞ்சாவது மாடியிலயும் இருக்காங்க. லிஃப்ட் வேலை செய்யல. அதனால..."

சொல்லிக்கொண்டிருந்தவர் தாமே நிறுத்திக்கொண்டார். நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். வக்கீலம்மா மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த பெண். அந்த அதிகாரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: கேட்டேன் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை.

டெய்லரம்மா வந்து, மூச்சு விட்டு விட்டு, தான் அட்டையைக் கொடுத்ததையும் சாமான் வந்ததையும் சொன்னார். அடுத்துப் புகார்ப்பெட்டியை நாற்காலியோடு உள்ளே கொண்டுவந்தார்கள்.

"இந்த அம்மாவைத் தெரியுமா?" என்றார் நடுவர்.

"தெரியுமாவா? இவ மேல எனக்கு நிறையப் புகார் இருக்கு."

லிஃப்ட் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"தக்காளி கெட்டியா வாங்கிட்டு வான்னு தலைப்பாடா அடிச்சுக்குவேன். ஒரு வாரமாவது கேட்டிருப்பாளா? வெங்காயம் சின்னது வேணும்பேன். தேங்காய் மாதிரி கொண்டு வருவா. வர்றப்ப சும்மா வரமாட்டா, ஏன் ஜன்னலைச் சாத்தியிருக்கீங்க, ஏன் மாத்திரை போடலன்னு போலீஸ் மாதிரி விசாரணை. அப்புறம் பால்!"

வக்கீலம்மாவின் கர்ச்சீப் மூக்கருகே அப்படியே நின்றது.

"என் அட்டையில அவ வீட்டுப் பாலை வாங்கிட்டா."

"அப்படியா?" நடுவர் பேனாவை எடுத்தார். "பிறகு?"

"பிறகென்ன? அன்னிக்கே வந்து அவளே சொன்னா. அடுத்த வாரம் அவ அட்டையில எனக்கு வாங்கிட்டு வந்தா. ஆனா பாக்கெட் நசுங்கியிருந்துச்சு. அதை யாரு கேக்குறது?"

"நீங்க இந்த அட்டையை அவங்களுக்குப் பணத்துக்குக் கொடுத்தீங்களா?"

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா, வித்த மாட்டுக்கு எவனாவது புல்லு சரியில்லன்னு சண்டை போடுவானா? அட்டையை வித்திருந்தா தக்காளியைப் பத்தி எனக்கென்ன கவலை?"

நடுவர் தலைகுனிந்து எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாததால் நினைக்கிறேன் என்றே எழுதுகிறேன்.

முடிவு தபாலில் வந்தது. மோசடி நிரூபிக்கப்படவில்லை. அட்டை தொடரும். பதிவு செய்யாமல் பிறர் அட்டையைப் பயன்படுத்தியதற்கு ஒரு எச்சரிக்கை. அவள் அதையும் விரலால் தொட்டு முழுவதும் படித்தாள். "எச்சரிக்கை சரிதான்" என்றாள். "அது நான் செஞ்சது."

டெய்லரம்மாவும் பெரியவரும் அவளையே தங்களுக்காகக் கடைக்குப் போகும் ஆளாகப் பதிவு செய்தார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனபோது நானும் போயிருந்தேன். பின்னால் வரிசை நீண்டது. அவள் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள்.

"அக்கா, போட்டுட்டு நகருங்கக்கா" என்றார் ஒருவர்.

"இருப்பா. வாயால மாட்டினவ நான். கையாலயும் மாட்டணுமா?"

முழுவதும் படித்துவிட்டு, பெரிய எழுத்தில் கையெழுத்திட்டாள்.

சில நாட்களுக்குப் பின் ஒரு சனிக்கிழமை, டிரைவரின் மருமகள் படியிறங்கி வந்து அவள் வாசலில் நின்றாள். கையில் நீல நூல் கட்டிய அட்டை. நூல் புதியது, டிரைவரே கட்டியிருக்க வேண்டும். அவள் அதை நீட்டினாள். எதிரே என் கதவு திறந்திருந்ததால் நான் பார்த்தேன். லிஃப்ட் அக்கா அட்டையை வாங்கவில்லை.

"இப்ப வேணாம். அட்டையை நான் தொடமாட்டேன்" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"திங்கக்கிழமை ஆபீஸ் திறக்கட்டும். நானும் கூட வர்றேன், மாமா பேருல எழுதிக் குடுத்துடலாம். ரெண்டாவது பக்கத்துல அடியில ஒரு வரி இருக்கு, பொடி எழுத்துல. அதை விட்டுடாம படிக்கணும். அதுவரைக்கும் இந்தா," என்று உள்ளே போய் மூடிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். "சூடா இருக்கு. அடியில புடி."

மேலேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா! நாளைக்குத் தக்காளி—"

"கெட்டியா! தெரியும்!" என்று அவள் கத்தினாள். கட்டிடம் முழுவதும் கேட்டது.